வாசல் தாண்டாதவருக்கு வந்த கிருமி

எட்டு மாதமாக உம்மா கட்டிலோடுதான். கலியாண வீடு இல்லை, கடைத்தெரு இல்லை; முற்றத்து வெயிலைக்கூடச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தடிமன் இல்லை, காய்ச்சல் இல்லை. அப்படி இருக்க, திடீரென்று ஒருநாள் சாப்பிட மறுத்தார், பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால், "சலத்தில் கிருமி, நெஞ்சிலும் சளி இறங்கியிருக்கு" என்கிறார்கள். வெளியே போகாதவருக்கு எங்கிருந்து வந்தது?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரத்தில் எந்த ஊரில் நின்று விசாரித்தாலும் ஏதோ ஒரு வீட்டில் இந்தக் கேள்வி இருக்கும். விடைகளும் கையோடு இருக்கும்: இராக்காற்றுப் பட்டுவிட்டது, தலைக்கு வார்த்த தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, பார்க்க வந்தவர்களின் நாவூறு. நாவூறை அளக்க அறிவியலிடம் கருவி இல்லை. காற்றையும் தண்ணீரையும் பற்றி ஒன்று சொல்லலாம்: அவற்றின் குளிர்ச்சி மட்டும் ஒருவருடைய சிறுநீர்ப்பையில் தொற்றை உண்டாக்கிவிடாது. கிருமி வேண்டும். நடக்க முடியாதவரிடம் கிருமி வந்து சேர்ந்திருந்தால், ஒன்று அது அவருடைய உடம்பிலேயே வேறோர் இடத்தில் இருந்திருக்க வேண்டும், அல்லது நடக்கக்கூடிய ஒருவர் கொண்டுவந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

ஒரு கட்டில் பராமரிப்பு இல்லம்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் முதியோருக்கான தேசிய பேரவையை உருவாக்கியது. முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவுசெய்யப்பட வேண்டும் என்றும் விதித்தது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். ஆனால் கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் பெற்றாரை இல்லத்தில் விடுவது இன்னும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் காரியம். இங்கே பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு என்று கொடுத்துவிட்டு, கடைசியில் தாயும் தகப்பனும் பெரும்பாலும் இளைய மகளோடு தங்கிவிடுவார்கள். பராமரிப்பு இல்லம் என்று பலகை தொங்கவில்லை, அவ்வளவுதான். உயர்த்தி இறக்கும் கட்டில், காற்று மெத்தை, சலக்குழாய், மூக்குக் குழாய், படுக்கைப் புண்ணுக்கு மருந்துக்கட்டு என்று இல்லத்தில் நடக்கும் அத்தனையும் அந்த ஒற்றை அறையில் நடக்கிறது. தாதி மட்டும் இல்லை. மகள் பாடசாலையில் படிப்பிக்கப் போகிறவளாகவோ கத்தாரில் இருப்பவளாகவோ இருந்தால், உதவிக்கு ஒரு பெண் வருவார். அவர் இன்னும் இரண்டு வீடுகளுக்கும் போகிறவராக இருப்பார். இந்த இன்னும் இரண்டு வீடுகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேர்க்லண்டில் ஒரு பெப்ரவரி

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் கேர்க்லண்ட் என்றொரு நகரம். 2020 பெப்ரவரி 28ஆம் திகதி அங்கிருந்த முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் தங்கியிருந்த பெண்ணுக்குக் கொவிட் இருப்பது உறுதியானது. மார்ச் 18 வரை எண்ணிப் பார்த்தபோது அந்த ஒரு நிலையத்தோடு தொடர்புடைய நோயாளிகள் 167 பேர்: தங்கியிருந்தவர்கள் 101, பணியாளர்கள் 50, பார்க்க வந்தவர்கள் 16. தங்கியிருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்துபோனார். அதே மாவட்டத்தில் மேலும் பல நிலையங்களுக்கும் நோய் போய்விட்டது.

ஆராய்ந்தவர்கள் குற்றவாளியாக ஒரு மனிதரைக் கண்டுபிடிக்கவில்லை. சாதாரணமான, மனிதத்தன்மையுள்ள சில காரியங்களைக் கண்டுபிடித்தார்கள். உடம்புக்கு முடியாமல் இருந்தும் சிலர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் வேலை பார்த்திருக்கிறார்கள். கையுறை, முகக்கவசம் போன்றவற்றை முறையாகப் பயன்படுத்துவதில் பழக்கம் இருக்கவில்லை.

அருகிலிருந்த இன்னொரு நிலையத்தில் நடந்தது இதைவிடக் கலக்கமானது. அங்கே 76 முதியவர்களைச் சோதித்தார்கள்; 48 பேருக்குத் தொற்று. அந்த 48 பேரில் 27 பேருக்குச் சோதித்த நேரத்தில் எந்த அறிகுறியும் இல்லை. இருமலுள்ளவரைத் தள்ளி வைத்தால் போதும் என்ற நம்பிக்கை அந்த எண்களோடு முடிந்துபோனது. ஒருவர் நன்றாக இருக்கிறார் என்பதற்கும் அவரிடம் கிருமி இல்லை என்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

கொவிட்டுக்கு மட்டுமல்ல, இது பக்டீரியாக்களுக்கும் பொருந்தும். நோய் எதுவும் உண்டாக்காமல் கிருமி தோலிலோ மூக்கிலோ குடலிலோ இருந்துகொண்டிருப்பதை இந்த நூலில் 'தங்கல்' என்று அழைப்போம். நம் எல்லோருடைய குடலிலும் ஈ.கோலை தங்கியிருக்கிறது, தொந்தரவில்லை. அதே ஈ.கோலை ஓர் அங்குலம் தள்ளிப்போய்ச் சலப்பாதைக்குள் நுழைந்தால் தொற்று. உம்மாவின் கிருமி சிலவேளை உம்மாவினுடையதே. அதை அந்த ஓர் அங்குலம் நகர்த்தியது யார் என்பதுதான் கேள்வி.

ஸுபஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம்

ஒரு காலைப் பொழுதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வீடும் ஆட்களும் என் கற்பனை. செய்கைகள் எந்த வீட்டிலும் காணக்கூடியவை.

உதவிக்கு வருபவரை ராத்தா என்போம். ஸுபஹ் தொழுதுவிட்டு முதல் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு பெரியவர், சீனி வருத்தத்தால் கால் விரல் வெட்டி, கிழமைக்கு முன்தான் வைத்தியசாலையிலிருந்து வந்தவர். அவருடைய சலப்பையைக் காலியாக்கிவிட்டு, கையைத் தண்ணீரில் அலசி, அபாயாவில் துடைத்துக்கொண்டு இரண்டாவது வீட்டுக்கு வருகிறார். இங்கே பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்த மூத்தம்மா. சலக்குழாய் போட்டிருக்கிறது. முதுகின் அடியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு படுக்கைப் புண்.

ஸலாம் சொல்லி மூத்தம்மாவின் கையைப் பிடிக்கிறார், தலையணையைச் சரிசெய்கிறார். கையுறை போடுகிறார். பெம்பர்ஸைக் கழற்றுகிறார், மலம் போயிருக்கிறது. துடைக்கிறார், கழுவுகிறார். அந்தக் கையுறையோடேயே சலக்குழாயை ஒதுக்கி வைக்கிறார், திரைச்சீலையை இழுக்கிறார். கைத்தொலைபேசி அடிக்கிறது; எடுத்து, "வாறன் புள்ள, பத்து நிமிஷம்" என்று மூன்றாவது வீட்டுக்குச் சொல்கிறார். களிம்பு டப்பாவைத் திறந்து புண்ணுக்குப் பூசிக் கட்டுகிறார். கையுறையைக் கழற்றிப் போடுகிறார். கையுறை போட்டிருந்ததால் கை சுத்தம் என்ற நினைப்பு, கழுவவில்லை. மாத்திரையை விரலால் உடைத்துக் கஞ்சியில் போட்டு ஊட்டுகிறார். கடைசியில் சலப்பையின் திறப்பைத் திருகி, குளியலறைக் கோப்பையில் வடிக்கிறார். கோப்பையின் விளிம்பில் பையின் வாய் படுகிறது. புறப்படுகிறார்.

ராத்தா அன்பில் குறை வைக்கவில்லை. வேலையிலும் குறை வைக்கவில்லை, வேகமாகவும் செய்தார். இப்போது கிருமியின் பக்கமிருந்து பார்ப்போம். முதல் வீட்டுப் பெரியவரின் சலத்தில் தங்கியிருந்தது, தலையணை வழியாக மூத்தம்மாவிடம் வந்துவிட்டது. மூத்தம்மாவின் மலத்திலிருந்த ஈ.கோலை சலக்குழாய்க்கும், புண்ணுக்கும், களிம்பு டப்பாவின் மூடிக்கும், கைத்தொலைபேசிக்கும் போய்விட்டது. டப்பா மூடி நாளைக்கும் இருக்கும். காய்ந்த பரப்பில் சில பக்டீரியாக்கள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. கைத்தொலைபேசி மூன்றாவது வீட்டுக்குப் போகிறது.

கையுறை ராத்தாவைக் காத்தது. மூத்தம்மாவைக் காக்கவில்லை. கையுறையின் வெளிப்பக்கம் தோலைப் போலவே கிருமி சுமக்கும்; போட்டிருப்பவருக்கு ஈரமும் பிசுக்கும் தெரியாததால் தோலைவிட மோசமாகவும் ஆகலாம். கழற்றும்போது கையிலும் படும். அதனால்தான் கையுறையைக் கழற்றியதும் கை கழுவ வேண்டும் என்று தாதியருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வீட்டில் இதைச் சொல்ல முயன்றால் வரும் பதிலும் தெரிந்ததே: "புள்ள, நான் உறை போட்டுத்தானே செஞ்சன்!"

எங்கெங்கே கை சுத்தமாகியிருக்க வேண்டும்? வந்ததும், மூத்தம்மாவைத் தொடுமுன். மலம் துடைத்து முடித்து, புண்ணைத் தொடுமுன். புண் கட்டியபின், கஞ்சிக்கு முன். சலப்பையின் திறப்பைத் தொடுமுன். சலம் வடித்தபின், புறப்படுமுன். ஒரு மணித்தியாலத்தில் ஐந்து தடவை. வேலைகளின் ஒழுங்கை மாற்றித் தப்ப முடியாதா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. மலத்தைத் துடைக்காமல் புண்ணைக் கட்டவும் கூடாது, ஈரத்தில் கிடத்திவைத்து ஊட்டவும் கூடாது.

வக்தும் தருணமும்

ஒரு நாளைக்கு ஐந்து தடவை வுழூச் செய்யும் சமூகத்திடம் கை கழுவுங்கள் என்று சொல்லப்போவது கொஞ்சம் துணிச்சலான காரியம்தான். தூங்கி எழுந்தவர் பாத்திரத்துக்குள் கையை விடுமுன் கழுவ வேண்டும் என்று ஹதீஸ் இருக்கிறது. இந்த ஊர்களில் குழந்தைக்குக்கூட அது தெரியும். கழுவும் பழக்கத்துக்குப் பஞ்சமில்லை. கழுவும் நேரம்தான் வேறு.

வுழூ தொழுகையின் நேரத்தோடு போகிறது. கிருமி தொடுகையின் நேரத்தோடு போகிறது. ராத்தா ஸுபஹுக்குச் செய்த வுழூ முதல் வீட்டில் சலப்பையைத் தொட்ட கணத்தில், கிருமியின் கணக்கில், முடிந்துவிட்டது. அடுத்த கழுவல் லுஹருக்குத்தான் என்றால் இடையில் மூன்று வீடுகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் 2009இல் ஐந்து என்றுதான் சொன்னது. ஆனால் ஐந்து வேளை அல்ல, ஐந்து தருணம்: நோயாளியைத் தொடுமுன், புண், குழாய் போன்ற சுத்தமான வேலைக்கு முன், உடற்கழிவு பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய கட்டில், மேசை முதலியவற்றைத் தொட்டபின். ஒரே நோயாளி இருக்கும் வீட்டில் கடைசி இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேறுபாடு சவர்க்காரம். இலண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். பொது இடங்களில் கைப்பிடிகளைத் தொட்டுவிட்டு வந்தவர்களின் கையைப் பரிசோதித்தபோது, கழுவாத கைகளில் நூற்றுக்கு 44இல் குடல் பக்டீரியா இருந்தது. வெறும் தண்ணீரில் கழுவியபின் 23. சாதாரண சவர்க்காரத்தோடு கழுவியபின் 8. தண்ணீர் பாதி வேலையைச் செய்கிறது. மீதியைச் சவர்க்காரம் செய்கிறது. 'கிருமிநாசினி' என்று எழுதிய விலை கூடிய சவர்க்காரம் தேவையில்லை. துடைக்கும் துவாயும் முக்கியம்: அறை வாசலில் எப்போதும் ஈரமாகத் தொங்கும் பொதுத் துவாய் கழுவியதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆனால் ஐந்து தடவையும் பின்வாசல் பைப்புக்குப் போய்வர யாருக்கு முடியும்? ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் டிடியே பிட்டே என்ற வைத்தியர் 1990களில் கேட்ட கேள்வியும் இதுதான். தாதியர் கழுவாமல் இருப்பது சோம்பலால் அல்ல, நேரமில்லாததால் என்று கண்டார். பேஸினை நோக்கித் தாதியை அனுப்புவதை விட்டுவிட்டு, அல்கஹோல் கைத்திரவத்தைக் கட்டிலடிக்குக் கொண்டுவந்தார். சவர்க்காரத்தோடு ஒழுங்காகக் கழுவ 40 முதல் 60 விநாடி. திரவத்தைத் தேய்க்க 20 முதல் 30 விநாடி, நடையும் மிச்சம். 1994இல் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் நூற்றுக்கு 48இல்தான் செய்தார்கள். 1997இல் அது 66 ஆனது. அந்த வைத்தியசாலையில் தொற்றுப் பெற்றிருந்த நோயாளிகளின் விகிதம் நூற்றுக்கு 16.9இலிருந்து 9.9க்கு இறங்கியது. 66 என்பது ஒன்றும் பெரிய புள்ளி அல்ல. அந்த அரைகுறை முன்னேற்றத்துக்கே இவ்வளவு பலன் என்பதுதான் எனக்கு வியப்பு.

அல்கஹோல் என்றதும் வரும் தயக்கத்தையும் பேசிவிடலாம். 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் பேரவை, கிருமியைக் கொல்லவும் காயத்தை வெளியே துடைக்கவும் அல்கஹோலைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தது. உலக சுகாதார நிறுவனம் தன் கைச்சுத்த வழிகாட்டியில் அதையே எடுத்துக் காட்டுகிறது. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால், மலம் பட்டிருந்தால், வீட்டில் வயிற்றோட்டம் நடந்தால் திரவம் போதாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான். வயிற்றோட்டக் கிருமிகளில் சில அல்கஹோலுக்குச் சாவதில்லை. போத்தலை அடுப்படிப் பக்கம் வைக்கவும் கூடாது, தீப்பற்றும்.

டெட்டோல் மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறைக்குள் நுழைந்ததும் அந்த மணம் வந்தால் சுத்தம் என்று நம்பப் பழகிவிட்டோம். நிலத்தைத் துடைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக் கட்டில் கம்பிக்கும், மேசை விளிம்புக்கும், மின்விசிறிச் சுவிச்சுக்கும் காட்டினால் நல்லது. நிலத்தை யாரும் கையால் தொடுவதில்லை.

குழாயில் படியும் படலம்

சலக்குழாய் போட்ட ஒவ்வொரு நாளும் சலத்தில் பக்டீரியா சேரும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 7 வரை கூடிக்கொண்டு போகிறது. ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்திருக்கும். கிணற்றுச் சுவரில் பாசி பிடிப்பதுபோல, குழாயின் உள்பக்கத்தில் பக்டீரியாக்கள் ஒட்டி, தங்களைச் சுற்றிப் பசை சுரந்து, அதற்குள் வாழத் தொடங்குகின்றன. இதை உயிர்ப்படலம் என்கிறார்கள். அந்தப் பசைக்குள் மருந்து சரியாக ஊடுருவுவதில்லை. ஆகவே குழாய் போட்டவரின் சலத்தைச் சோதித்தால் கிருமி இருப்பதாகத்தான் வரும். அது தங்கல். காய்ச்சல், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் போன்ற எதுவும் இல்லாமல் சலம் கலங்கியிருக்கிறது என்பதற்காக மட்டும் அன்டிபயோடிக் வாங்கிக் கொடுத்தால் படலம் போகாது; மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் மிஞ்சும்.

செய்யக்கூடியவை எளியவை. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, நிலத்தில் படாமல் தொங்க வேண்டும். நோயாளியைத் தூக்கிக் கதிரையில் இருத்தும்போது பையைத் தூக்கி மடியில் வைத்துவிடுவது மிகப் பரவலான தவறு. பையில் நின்ற சலம் திரும்பி உள்ளே ஓடும். வடிக்க ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் கோப்பை வேண்டும். பையின் வாய் அதில் படக்கூடாது. குழாயையும் பையையும் காரணமில்லாமல் கழற்றிப் பூட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்: "டொக்டர், இந்தக் குழாய் இன்னும் தேவையா?" பெம்பர்ஸ் மாற்றும் வேலை குறைகிறது என்பதற்காக மட்டும் பல வீடுகளில் குழாய் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறது. பராமரிப்பவருக்கு அது வசதி. விலையை நோயாளி கொடுக்கிறார்.

வாயிலிருந்து நெஞ்சுக்கு

நெஞ்சில் இறங்கிய சளி வேறு வழியில் வந்தது. பாரிசவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசைகள் சரியாக ஒத்துழைப்பதில்லை. கஞ்சியும், அதைவிட முக்கியமாக உமிழ்நீரும், தூக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் வடிகின்றன. துலக்காத வாயின் உமிழ்நீரில் பக்டீரியா மலிந்திருக்கும். அது நுரையீரலில் போய்ச் சேர்ந்தால் நியூமோனியா.

ஜப்பானில் 11 பராமரிப்பு இல்லங்களில் இரண்டு வருடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பணியாளர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கிவிட்டார்கள். மற்றவர்கள் வழக்கப்படி விடப்பட்டார்கள். வழக்கப்படி விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நியூமோனியா வந்தது. துலக்கிவிடப்பட்டவர்களில் 11 பேருக்கு. புது மருந்து எதுவும் இல்லை, ஒரு தூரிகைதான். பல் இல்லாதவர்களும் பலன் பெற்றார்கள், ஏனென்றால் படலம் முரசிலும் நாக்கிலும்தான் படிகிறது.

நம் ஊர் மூத்தம்மாக்களுக்கு மிஸ்வாக் குச்சி பழக்கமானது, நல்லதும்கூட. ஆனால் கை விழுந்துபோனவரால் அதைப் பிடித்துத் தேய்க்க முடியாது. யாராவது மெல்லிய தூரிகையால் செய்துவிட வேண்டும். ஊட்டும்போது நிமிர்த்தி இருத்தி, ஊட்டியபின் குறைந்தது அரை மணித்தியாலம் அப்படியே வைக்க வேண்டும். இன்னொன்று வெற்றிலை. அறுபது வருடப் பழக்கத்தை ஒரேநாளில் நிறுத்தச் சொல்வது கொடுமை என்று மகள்மார் இடித்துக் கொடுத்துவிடுவார்கள். உணர்ச்சியில்லாத கன்னத்தில் அது இரவு முழுக்க அடைந்து கிடக்கும். இந்த ஒன்றில் நான் இரக்கம் காட்டத் தயாரில்லை.

காய்ச்சல் வராத தொற்று

ஆரம்பத்தில் உம்மாவுக்குக் காய்ச்சல் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வயதானால் உடம்பின் எச்சரிக்கை மணி மெதுவாகத்தான் அடிக்கும். இளையவருக்கு 102 பாகைக்குப் போகும் தொற்று, எண்பது வயதில் 99ஐத் தாண்டாமல் இருக்கலாம். அதனால் பராமரிப்பு இல்லங்களில் 100 பாகை பரனைட்டையே காய்ச்சலாக எடுத்துக்கொள்கிறார்கள். வழமையான சூட்டைவிட 2 பாகை கூடினாலும் அப்படியே. வழமை எவ்வளவு என்று தெரிந்தால்தான் கூடியதும் தெரியும். நன்றாக இருக்கும் நாட்களில் ஒரு கிழமை காலையில் சூடு பார்த்து, கலண்டர் ஓரத்தில் எழுதி வைப்பது வீண் வேலையல்ல. புதிதாக வந்த குழப்பம், திடீர்த் தூக்கம், சாப்பாட்டு வெறுப்பு, வேகமான மூச்சு ஆகியவற்றை "வயசு போச்சு" என்று ஒதுக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும்.

சொறிக்கு இன்னும் நீண்ட மௌனம் உண்டு. முதல் தடவை தொற்றுபவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். அதற்குள் அவர் வீட்டில் பலருக்குக் கொடுத்துவிட்டிருப்பார். யார் கொண்டுவந்தார் என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. உதவிக்கு வருபவர் உட்பட எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசாவிட்டால் அது வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

தவறான இடத்தில் அச்சம்

2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்று முடக்கப்பட்டபோது இந்தக் கரையோரத்தில் எல்லோரும் தொற்றைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் பேச்சின் பெரும்பகுதி ஜனாஸாவைப் பற்றியது. அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருந்தது. நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். தொற்று நோயால் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது ஆதாரமில்லாத பொது நம்பிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே எழுதியிருந்தது. 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அது தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

மார்க்கத்துக்கும் மனதுக்கும் நேர்ந்த காயம் தனி. தொற்றுத் தடுப்பு என்ற கணக்கில் மட்டும் பார்த்தாலும் நட்டமே. மூச்சு விடாத உடலிலிருந்து சுவாச வைரஸ் பரவும் வழி மிகக் குறுகலானது: குளிப்பாட்டும்போது உடற்கழிவு படுவதும் தெறிப்பதும். அதற்குக் கையுறை, மேலங்கி, முகக்கவசம், பிறகு கை கழுவுதல் போதும். மூச்சு விடும் மனிதர்களிடமிருந்துதான் வைரஸ் பரவியது. அவர்களோ எரிப்புக்குப் பயந்து, சுகமில்லாத வாப்பாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்கினார்கள்.

சுகம் விசாரிக்க வருபவர்கள்

நோயாளியைப் போய்ப் பார்ப்பது இந்தச் சமூகத்தில் மரியாதை மட்டுமல்ல, கடமை. கேர்க்லண்ட் எண்ணிக்கையில் 16 பேர் பார்க்க வந்தவர்கள் என்பதைக் காட்டி யாரையும் வரவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தனிமையும் முதியவரை உருக்கும். உம்றா, ஹஜ் முடித்து இருமலோடு வந்தவர் முதலில் போய் ஸலாம் சொல்ல நினைப்பது வீட்டின் மூத்தவரிடம்தான். அவர் மட்டும் இருமல் அடங்கும்வரை பொறுக்கலாம், அல்லது வாசலில் நின்று துஆச் செய்யலாம். மற்றவர்களுக்குக் கட்டிலுக்கு அப்பால் ஒரு கதிரையும், நிலைப்படியில் ஒரு கைத்திரவப் போத்தலும் போதும். சொல்லச் சங்கடமாக இருந்தால் வீட்டுக்காரரே முதலில் தேய்த்துக்கொண்டு போத்தலை நீட்டலாம்.

ராத்தாவிடம் பேசுவதுதான் கடினம். வயதில் மூத்தவர், கூலி குறைவு, வராவிட்டால் வீடு தத்தளிக்கும். "ராத்தா, கைய ஒருக்காக் கழுவிட்டு வாங்களேன்" என்பது பல வீடுகளில் வாய்வரை வந்து நின்றுவிடும் வார்த்தை. அவருக்கென்று ஒரு சிறிய போத்தலை வாங்கிக் கொடுப்பதும், தடிமன் காய்ச்சலில் வராத நாளுக்கும் கூலி கொடுப்பதும் அந்த வார்த்தையைவிடக் கூடுதலாக வேலை செய்யும். கேர்க்லண்டில் முடியாமல் வேலைக்கு வந்தவர்களையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூன்று வீட்டுக்காரரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலிருந்தோ வடக்கு ஆதார வைத்தியசாலையிலிருந்தோ வீடு திரும்பும்போது கையில் தருகிற நோய் நிர்ணய அட்டையில், சலத்தையோ புண்ணையோ வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் அதன் முடிவும், எந்த மருந்துக்குக் கிருமி அடங்கவில்லை என்பதும் இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமி எந்த வீட்டில் இருக்கிறதோ, ராத்தாவின் காலை நடையில் அந்த வீடு கடைசியாக வரட்டும். அட்டை அலுமாரிக்குள் போகுமுன் அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும்.